பள்ளி மாணவர்களுக்குக் கடல் ஆய்வையும் கடல் அறிவியலையும் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் அறிவியலைத் தனிப் பாடமாக வைத்துத்தான் கற்பிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஏற்கெனவே நடத்தப்படும் பாடங்களுக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது. இயற்பியலில் எதிரொலி நடத்தும் நாளில் கடலின் ஆழத்தை அளக்கும் முறையையும், அடர்த்தி நடத்தும் நாளில் நீரோட்டங்களையும், ஒளிச்சேர்க்கை நடத்தும் நாளில் கண்ணுக்குத் தெரியாத கடல் மிதவைத் தாவரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 71 விழுக்காட்டை மூடியிருக்கும் ஒன்றைப் புவியியல் நூலின் ஒரே அத்தியாயத்துக்குள் அடக்கிவிட்டு, மற்றப் பாடங்களின் எடுத்துக்காட்டுகளையெல்லாம் நிலத்திலிருந்தே எடுப்பதுதான் விந்தை.

முதல் வகுப்பை எதிலிருந்து தொடங்குவது?

திமிங்கிலம், சுறா, பவளப்பாறை என்று படங்களைக் காட்டித் தொடங்குவதே வழக்கம். மாணவர்கள் ஆர்வமாகப் பார்ப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயர்களைத் தவிர வேறெதுவும் மனத்தில் நிற்காது. அதைவிட, “கடல் எவ்வளவு ஆழம்? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்ற இரண்டு கேள்விகளோடு தொடங்குவது நல்லது. இரண்டாவது கேள்விதான் முக்கியம். சில நூறு மீட்டர்களுக்குக் கீழே கடலுக்குள் எதையும் மேலிருந்து கண்ணால் காண முடியாது. ஆகவே கடலைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் ஏதோ ஒரு கருவியை இறக்கி அளந்ததால் கிடைத்தது.

1872 டிசம்பரில் புறப்பட்டு 1876 மே மாதம் திரும்பிய ‘சேலஞ்சர்’ என்ற பிரித்தானியக் கப்பல், எடையைக் கட்டிய கயிற்றை இறக்கியே ஆழத்தை அளந்தது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல ஆயிரம் மீட்டர் கயிறு இறங்கிய பிறகு, எடை தரையைத் தொட்டுவிட்டாலும் கயிற்றின் சொந்தப் பாரமே அதைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும். அப்படியானால் தரை வந்துவிட்டது என்று எப்படி அறிவது? இதை விடையில்லாப் புதிராக மாணவர்களிடம் ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கப்பலில் இருந்தவர்கள் கயிற்றில் சம இடைவெளியில் அடையாளமிட்டு, ஒவ்வோர் அடையாளமும் கையைவிட்டு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துவந்தார்கள். அந்த நேரம் திடீரென்று நீண்டால் எடை தரையில் அமர்ந்துவிட்டது என்று பொருள். 1875 மார்ச்சில் மேற்குப் பசிபிக்கில் குவாம் தீவுக்குத் தென்மேற்கே அவர்கள் அளந்த ஆழம் 8,184 மீட்டர். அந்தப் பகுதியில் பின்னர் கண்டறியப்பட்ட, ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழமுள்ள பள்ளம் இன்று அந்தக் கப்பலின் பெயரையே தாங்கியிருக்கிறது.

எதிரொலியால் ஆழம் அளப்பதை வகுப்பில் எப்படிக் காட்டுவது?

கணக்கு எளிது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீட்டர் என்பதால், கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி தரையில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய ஐந்து நொடிகள் ஆகும். போய்வரும் தூரம் என்பதால் இரண்டால் வகுக்க மாணவர்கள் மறந்துவிடுவார்கள். அந்தப் பிழையைச் செய்யவிட்டுப் பிறகு திருத்துவதே நல்லது.

அளத்தல் என்றால் என்ன என்பதைக் கைப்பட உணர்த்த, ஒரு காலணிப் பெட்டி போதும். பெட்டிக்குள் களிமண்ணால் மலை, பள்ளத்தாக்கு, சமவெளி ஆகியவற்றை அமைத்து, மூடியில் கட்டம் வரைந்து, கட்டங்களின் மூலைகளில் துளையிட்டு மூடிவிடுங்கள். மாணவர்கள் ஒரு மெல்லிய குச்சியைத் துளைகளில் நுழைத்து ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலில் ஆறு துளைகளை மட்டும் பயன்படுத்தி உள்ளே இருக்கும் தரையை வரையச் சொல்லுங்கள். பிறகு முப்பது துளைகளையும் பயன்படுத்தி மீண்டும் வரையச் சொல்லுங்கள். ஆறு துளைகளில் சமவெளியாகத் தெரிந்த இடத்தில் முப்பது துளைகளில் ஒரு மலை எழும். சேலஞ்சர் பயணம் மூன்றரை ஆண்டுகளில் ஆழ்கடலில் ஐந்நூறுக்கும் குறைவான இடங்களிலேயே ஆழம் அளந்தது என்பதை அந்த நேரத்தில் சொன்னால், அக்காலத்து வரைபடங்களில் கடலடி ஏன் வெறுமையாக இருந்தது என்பது விளங்கிவிடும்.

இங்கேயே கடலடியை வரைந்த அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப்பின் கதையையும் சொல்லலாம். 1950களின் தொடக்கத்தில், பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றாத நிலையில், கரையிலிருந்தபடியே அவர் எதிரொலி அளவுகளை வரிசை வரிசையாக வரைபடத் தாளில் குறித்தார். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு நீண்ட பிளவு இருப்பதை அவர் கண்டார். அவருடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் அதை ஏற்கவில்லை. பின்னர், நிலநடுக்கங்கள் நிகழ்ந்த இடங்களைக் குறித்த வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தபோது, அவை அந்தப் பிளவின் வழியே வரிசையாக விழுந்தன. கடலடி விரிவடைகிறது, கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்துக்கு வலுச்சேர்த்த சான்றுகளுள் ஒன்று இப்படித்தான் பிறந்தது. இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் இந்தச் செயலை மெல்லிய தாள்களைக் கொண்டு மாணவர்களாலேயே செய்ய முடியும்.

“கடலைவிட நிலவைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியும்” என்பது உண்மையா?

பகுதி உண்மை. நிலவின் மேற்பரப்பை மறைக்க நீர் இல்லை. அதனால் அதன் முழு வரைபடம் கடலடியின் வரைபடத்தைவிடத் துல்லியமானது. கடலடி முழுவதற்கும் வரைபடமே இல்லை என்று சொல்வது தவறு. கடலடியிலுள்ள மலைகளின் ஈர்ப்பு விசை தம்மைச் சுற்றியுள்ள நீரை ஈர்ப்பதால் மலைக்கு மேலே கடல்மட்டம் சற்றே உயர்ந்திருக்கும். அந்த மேடுபள்ளங்களைச் செயற்கைக்கோள்கள் அளந்ததால் உலகக் கடலடி முழுவதற்கும் தோராயமான வரைபடம் கிடைத்திருக்கிறது. அதில் சில கிலோமீட்டர் அகலமுள்ள உருவங்கள் மட்டுமே புலப்படும். கப்பல்களின் ஒலிக்கருவிகளால் துல்லியமாக வரையப்பட்ட பகுதி, மொத்தக் கடலடியில் கால் பங்குக்குச் சற்றே கூடுதல். எஞ்சியதையும் வரைந்து முடிக்கும் நோக்குடன் ‘சீபெட் 2030’ என்ற பன்னாட்டுத் திட்டம் 2017இல் அறிவிக்கப்பட்டது.

“வரையப்பட்டது”, “கண்ணால் காணப்பட்டது”, “மாதிரி எடுத்து ஆராயப்பட்டது” ஆகிய மூன்றும் வெவ்வேறு என்பதை மாணவர்கள் பிரித்தறிந்தால், இணையத்தில் உலவும் இத்தகைய விழுக்காடுகளில் எதை நம்பலாம் என்று அவர்களே எடைபோடுவார்கள்.

கடல் ஆழமானதா, ஆழமற்றதா?

வேடிக்கையான கேள்வியாகத் தோன்றினாலும் வகுப்பில் கேட்டுப் பார்க்கத் தக்கது. 3,700 மீட்டர் என்பது தரையில் நடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய தூரம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உலக உருண்டையில் அந்தச் சராசரி ஆழத்தை அளவு மாறாமல் காட்டினால், அது ஒரு தாளின் தடிமனுக்கு மேல் வராது. பாடநூல் படங்களில் கடலடி செங்குத்தாகச் சரிந்து விழுவதுபோல் இருப்பது, செங்குத்து அளவை வரைபவர்கள் பல மடங்கு பெருக்கிக் காட்டுவதால்தான்.

ஆழ்கடலின் அழுத்தத்தை எப்படிப் புரியவைப்பது?

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்பது விதி. எண்ணை மட்டும் சொன்னால் மனத்தில் பதியாது. ஆய்வுக் கப்பல்களில் ஒரு பழக்கம் உண்டு: வெண்ணிறப் பஞ்சுநெகிழி (தெர்மாக்கோல் போன்றது) குவளைகளில் படம் வரைந்து, ஆழத்தில் இறக்கும் கருவியோடு கட்டி அனுப்புவார்கள். மேலே வரும்போது குவளையின் வடிவம் மாறாமல் விரல்நுனியில் மாட்டும் அளவுக்குச் சுருங்கியிருக்கும், ஏனெனில் அதற்குள் இருந்த காற்றறைகள் நசுங்கிவிட்டன. அப்படியானால் மீன் ஏன் நசுங்கவில்லை என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். அதன் உடல் பெரும்பாலும் நீரால் ஆனது; நீர் அழுத்தத்தால் மிகச் சிறிதளவே சுருங்கும். நசுங்குவது காற்றுள்ள இடம்தான். நெகிழிப் புட்டியில் நீர் நிரப்பி, சிறிதளவு காற்றுள்ள மைச்சொட்டுக் குழாயை மிதக்கவிட்டு, மூடியை இறுக்கிப் புட்டியை அழுத்தினால், குழாய்க்குள் இருக்கும் காற்று சுருங்கி அது மூழ்குவதையும், கையை எடுத்தால் மீண்டும் எழுவதையும் எல்லோரும் பார்க்கலாம்.

1960 ஜனவரி 23 அன்று ழாக் பிக்காரும் டான் வால்ஷும் ‘திரியெஸ்த்’ என்ற கலத்தில் சேலஞ்சர் பள்ளத்தின் அடிக்குச் சென்றார்கள். இறங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆனது. அடியில் இருந்தது சுமார் இருபது நிமிடம். அவர்கள் அமர்ந்திருந்த எஃகுக் கோளத்துக்கு மேலே இருந்த பெரிய மிதவைத் தொட்டியில் நிரப்பப்பட்டிருந்தது பெட்ரோல். ஏன் காற்றை நிரப்பவில்லை என்ற கேள்விக்கு, மேற்சொன்ன குவளையைப் பார்த்த மாணவர் தாமாகவே விடை சொல்லிவிடுவார்.

நீரோட்டங்களுக்கு எந்தச் சோதனை பொருத்தமானது?

பல சோதனைகள் உண்டு. ஒன்று மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் நன்னீரும், மற்றொன்றில் உப்பு நன்கு கரைத்த நீரும், இரண்டும் அறை வெப்பநிலையில் இருக்கட்டும். வண்ணம் சேர்த்து உறையவைத்த பனிக்கட்டியை இரண்டிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். எந்தக் குவளையில் பனிக்கட்டி முதலில் உருகும் என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொல்லுங்கள். உப்பு பனியை உருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பதால், பெரும்பாலோர் உப்புநீர் என்றே எழுதுவார்கள். நடப்பது நேர்மாறானது. நன்னீரில், உருகிய குளிர்ந்த நீர் அடர்த்தி மிகுந்ததால் வண்ணக் கோடுகளாகக் கீழே இறங்க, அடியிலிருக்கும் வெதுவெதுப்பான நீர் மேலெழுந்து பனிக்கட்டியை மேலும் உருக்குகிறது. உப்புநீரிலோ, உருகிய நன்னீர் குளிர்ந்திருந்தும் சுற்றியுள்ள உப்புநீரைவிட இலேசானதால், மேலேயே ஒரு வண்ணப் படலமாகத் தங்கிப் பனிக்கட்டியைப் போர்த்திக்கொள்கிறது. வண்ணம் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்தால் முடிவு மட்டும் தெரியும், காரணம் தெரியாது.

துருவப் பகுதிகளில் கடல்நீர் உறையும்போது உப்பில் பெரும்பகுதி பனிக்கட்டிக்கு வெளியே தள்ளப்படுகிறது. எஞ்சிய நீர் குளிர்ந்தும் உப்பு மிகுந்தும் கனத்து ஆழத்தில் இறங்கி, உலகக் கடல்களின் அடியில் மெதுவாகப் பரவுகிறது. வெப்பமண்டலக் கடல்களின் அடியிலும் நீர் சில டிகிரி செல்சியஸ் அளவுக்கே குளிர்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

மேற்பரப்பு நீரோட்டங்களுக்கு ஒரு வரைபடப் பயிற்சி தரலாம். 1992 ஜனவரியில் வடபசிபிக்கில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து விழுந்த கொள்கலன் திறந்துகொண்டு, 28,800 நெகிழிக் குளியல் பொம்மைகள் கடலில் சிதறின. அவ்வாண்டு நவம்பரில் அலாஸ்காவின் சிட்கா கரையில் முதல் பொம்மைகள் ஒதுங்கின. நீரோட்ட வரைபடத்தைக் கொடுத்து, அடுத்து எங்கே ஒதுங்கியிருக்கும் என்று மாணவர்களை ஊகிக்கச் சொல்லுங்கள்.

சூரிய ஒளியே இல்லாத இடத்தில் உயிர்கள் எப்படி வாழ்கின்றன?

கடல் அறிவியலில் மாணவர்களிடம் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த கதை இல்லை என்பது என் கருத்து. 1977இல் பசிபிக்கிலுள்ள கலாபகசுத் தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், கடலடிப் பிளவுகளிலிருந்து வெந்நீர் ஊற்றெடுக்கிறதா என்று பார்க்க ஒரு குழு ‘ஆல்வின்’ நீர்மூழ்கியில் இறங்கியது. அவர்கள் நிலவியலாளர்களும் வேதியியலாளர்களும்தான். உயிரியலாளர் ஒருவரும் உடன் செல்லவில்லை, ஏனெனில் அங்கே உயிர்கள் திரளாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அங்கே ஊற்றுகளைச் சுற்றிப் பெரிய சிப்பிகளும், நண்டுகளும், மனிதர் உயரத்துக்கு வளரும் குழாய்ப்புழுக்களும் குவிந்திருந்தன.

குழாய்ப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. பின் எதை உண்டு வளர்கிறது? விடையை வகுப்பில் உடனே சொல்லிவிடாதீர்கள். 1980 வாக்கில் ஹார்வர்டில் நடந்த ஒரு சொற்பொழிவில், புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருந்ததாகப் பேச்சாளர் குறிப்பிட்டார். கேட்டுக்கொண்டிருந்த காலீன் கவனாக் என்ற முதலாண்டு ஆய்வு மாணவி எழுந்து, அப்படியானால் கந்தகச் சேர்மங்களிலிருந்து ஆற்றல் பெறும் நுண்ணுயிரிகள் புழுவுக்குள்ளேயே வாழ்ந்து அதற்கு உணவளிக்கின்றன என்றார். 1981இல் அவரும் உடன் ஆய்ந்தவர்களும் அதற்கான சான்றுகளை வெளியிட்டார்கள். ஒளிச்சேர்க்கைக்கு மாற்றாக வேதிச்சேர்க்கையை அடித்தளமாகக் கொண்ட உணவுச் சங்கிலி பாடநூலுக்குள் வந்த வழி இது. அந்த நுண்ணுயிரிகளுள் பல பயன்படுத்தும் ஆக்சிஜன், மேலே சூரிய ஒளியில் உருவாகி நீரோடு கலந்து கீழே வந்தது என்பதால், அந்த உலகமும் சூரியனிடமிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்டதல்ல. மேல்வகுப்பு மாணவர்களிடம் இந்த நுணுக்கத்தையும் சொல்லலாம்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதியைக் கடல் தருகிறது என்று சொல்லலாமா?

சொல்லாமல் இருப்பதே நல்லது. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைக் கடலின் மிதவை நுண்ணுயிர்கள் செய்கின்றன என்பது சரி. அப்படி உருவாகும் ஆக்சிஜனில் மிகப் பெரும்பகுதி, கடல்வாழ் உயிர்களின் சுவாசத்துக்கும் இறந்த பொருள்கள் சிதைவதற்கும் அங்கேயே செலவாகிவிடுகிறது. காடுகளின் கணக்கும் ஏறத்தாழ இதுதான். காற்றிலுள்ள 21 விழுக்காடு ஆக்சிஜன், கோடிக்கணக்கான ஆண்டுகளில், சிதையாமல் மண்ணிலும் படிவிலும் புதைந்துபோன சிறு பங்கின் பயனாகச் சேர்ந்த இருப்பு.

கடல் ஏன் நீலமாக இருக்கிறது?

வானத்தின் எதிரொளிப்பு ஒரு சிறு பங்கே. நீர் சிவப்பு ஒளியை விரைவாக உறிஞ்சிவிடுகிறது. நீலம் ஆழமாகச் சென்று சிதறித் திரும்புகிறது. ஆழத்தில் வாழும் உயிர்கள் பல சிவப்பு நிறத்தில் இருப்பது இதனால்தான்: சிவப்பு ஒளியே எட்டாத இடத்தில் சிவப்பு உடல் கறுப்பாக, அதாவது இல்லாததுபோல், தோன்றும்.

எங்கள் பள்ளி கடலிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது. என்ன செய்வது?

கடலறிவியலாளர்களே பெரும்பாலான நாள்களைக் கணினிக்கு முன்னால்தான் கழிக்கிறார்கள். ‘ஆர்கோ’ என்ற பன்னாட்டுத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4,000 தானியங்கி மிதவைகள் உலகக் கடல்களில் உலவுகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து சென்று, பத்து நாள்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலேறும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உவர்ப்புத்தன்மையையும் அளந்து, செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. இந்தத் தரவுகளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பெறலாம். நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருந்து ஒரு மிதவையையும் அண்டார்டிகாவுக்கு அருகிலிருந்து ஒரு மிதவையையும் தேர்ந்தெடுத்து, ஆழத்துக்கு எதிராக வெப்பநிலையை வரையச் சொல்லுங்கள். ஆழத்தின் அச்சு மேலிருந்து கீழ்நோக்கிச் செல்ல வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதில்தான் பாதி வகுப்பு தடுமாறும். ஒரு கோடு மேற்பகுதியில் விரைவாகக் குளிர்ந்து பிறகு ஏறத்தாழ நேராகக் கீழே செல்வதையும், மற்றொன்று தொடக்கம் முதலே குளிர்ந்திருப்பதையும் பார்த்தபின், பனிக்கட்டிச் சோதனைக்குத் திரும்பலாம்.

‘நாட்டிலஸ்’, ‘ஒகியானோஸ் எக்ஸ்ப்ளோரர்’ போன்ற ஆய்வுக் கப்பல்கள் தம் ஆழ்கடல் எந்திரங்களின் இறக்கங்களை நேரலையாக ஒளிபரப்புகின்றன. பத்து நிமிடத் தொகுப்புகளைவிட நேரலையே சிறந்தது. அரை மணி நேரம் வெறும் சேறு மட்டும் தெரியும். ஆழ்கடலின் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கிறது.

கடற்கரைக்கு அழைத்துச் செல்லும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வடியத் தொடங்கும் நேரத்தில் சென்று, ஏற்றம் தொடங்குமுன் பாறைகளிலிருந்து இறங்கிவிட வேண்டும். அலைகளுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது. கல்லைப் புரட்டிப் பார்த்தால், இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். அதன் அடியில் ஒளிந்திருப்பவை வெயிலில் சில நிமிடங்களில் மடிந்துவிடும். கூம்புச் சங்குகளில் சில மனிதரைக் கொல்லுமளவு நஞ்சுள்ளவை என்பதால், உயிருள்ள எதையும் கையில் எடுப்பதில்லை என்று பொதுவிதியாக வைப்பது எளிது. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை நீர்விளிம்பிலிருந்து கரைநோக்கிப் பல இடங்களில் வைத்து எண்ணச் சொன்னால், எந்த உயிர் எவ்வளவு நேரம் நீரின்றித் தாங்குகிறது என்ற ஒழுங்கு தானே வெளிப்படும்.

சூழல் சீர்கேட்டைப் பற்றி அச்சமூட்டாமல் எப்படிப் பேசுவது?

துல்லியமாகப் பேசினால் போதும். பசிபிக்கின் குப்பைத் திட்டு நடந்து போகக்கூடிய தீவு அல்ல. பெரும்பாலும் பரந்து மிதக்கும் சிறு துண்டுகள் என்பதால்தான் அதை அள்ளுவது கடினமாக இருக்கிறது. மிதக்கும் கடற்பனி உருகுவதால் கடல்மட்டம் உயர்வதில்லை என்று சொல்லலாம். நிலத்தின் மேலிருக்கும் பனி உருகுவதும், வெப்பத்தால் நீரே விரிவதும்தான் அதை உயர்த்துகின்றன. நிரம்பிய குவளையில் பனிக்கட்டி உருகுவதைக் காட்டினால் முதல் பகுதி விளங்கிவிடும்.

கடல் அமிலமாதலில்தான் ஆசிரியர்கள் வழுக்குகிறார்கள். சிப்பி ஓட்டை வினிகரில் போட்டுக் கரையவைத்து, கடலில் நடப்பது இதுதான் என்று சொல்லிவிடுவது வழக்கம். தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் பிஎச் மதிப்பு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவு) இன்று ஏறத்தாழ 8.1. கடல் இன்னும் காரத்தன்மை உடையதே. வினிகரோடு ஒப்பிட இடமில்லை. ஆனால் அந்த அளவுகோல் மடக்கை முறையிலானது என்பதால், இந்தச் சிறு மாற்றமே ஹைட்ரஜன் அயனிகளின் செறிவில் ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்வைக் குறிக்கிறது. இதனால் நீரிலிருக்கும் கார்பனேட் அயனிகள் குறைந்து, ஓட்டைக் கட்டுவதற்கு உயிர்கள் கூடுதல் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. ஊதா முட்டைக்கோசுச் சாற்றில் உறிஞ்சுகுழல் வழியே ஊதி நிறம் மாறுவதைக் காட்டுவது, வினிகரைவிட நேர்மையான சோதனை.

நீச்சல் தெரியாத மாணவர் கடல் அறிவியலாளராக முடியுமா?

முடியும். கருவி வடிவமைப்பவர்கள், தரவுகளைப் பகுப்பவர்கள், படிவங்களை நுண்ணோக்கியில் ஆராய்பவர்கள், கணினி மாதிரிகளை உருவாக்குபவர்கள் எனப் பலர் கரையிலேயே பணியாற்றுகிறார்கள். கடலில் கப்பல் ஆடும்போது தலைசுற்றல் வருவது, பல ஆண்டுகள் கப்பலில் சென்றவர்களுக்கும் உண்டு.

கற்றதை எப்படி மதிப்பிடுவது?

மிக ஆழமான இடத்தின் பெயரைக் கேட்காதீர்கள். தலைப்பில்லாத மூன்று ஆர்கோ வரைபடங்களைக் கொடுத்து, எது எந்தக் கடற்பகுதியைச் சேர்ந்தது என்று காரணத்துடன் எழுதச் சொல்லுங்கள். அல்லது, கடலைப் பற்றிய ஒரு செய்தித் துணுக்கைக் கொடுத்து, அதிலிருக்கும் எண் எந்தக் கருவியால், எத்தனை இடங்களில் அளக்கப்பட்டிருக்கும் என்று கேளுங்கள். காலணிப் பெட்டியில் ஆறு துளைகளோடு திண்டாடிய மாணவர், “எத்தனை இடங்களில்” என்ற சொற்களைப் படித்ததும் எழுத்தை நிறுத்திவிட்டுச் சற்று யோசிப்பார். அந்த யோசனைக்கும் மதிப்பெண் ஒதுக்கி வையுங்கள்.